நான் பார்த்துக்கொண்டு நின்ற கொடி

கொடி தலைகீழாகத்தான் ஏறப்போகிறது என்பது எனக்கு ஏழு நாற்பதுக்கே தெரியும். ஏற்றியது எட்டு மணிக்கு. நடுவில் இருபது நிமிடம் இருந்தது. அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு நிமிடம் போதும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று வைத்தால், அதற்குள் எனக்கு நானே வக்கீலாகிவிடுவேன்.

மைசூரில் நாங்கள் இருப்பது நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள அபார்ட்மெண்ட். அதில் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். ஆகஸ்ட் பதினைந்து எங்களுக்கு இரட்டை நாள். நாட்டுக்குச் சுதந்திர தினம். மாதா விண்ணகம் சென்ற திருநாளும் அன்றைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மாதிரியே அன்றும் பூசைக்குப் போயே ஆகவேண்டும், கடன் திருநாள் என்போம். சிறுமியாக இருந்தபோது இந்த இரண்டும் வேறு வேறு என்றே எனக்குத் தெரியாது. பூசை முடிந்ததும் எல்லோரும் கோயில் முற்றத்துக்கு வருவோம். சாமியார் பூசை உடுப்போடு கொடி ஏற்றுவார். மாதா பாட்டுப் பாடிய தொண்டை காய்வதற்குள் தேசிய கீதம் பாடுவோம். பிறகு லட்டு. கல்லூரியில் மூன்று வருடம் என்.சி.சி.யில் இருந்தேன் என்பதால் கோயில் கொடியைக் கட்டும் வேலை பதினெட்டு வயதிலிருந்து என்னுடையது. பூவிதழ்களை உள்ளே வைத்து மடிக்கவேண்டும். பாதியில் அவிழவும் கூடாது, உச்சியில் மாட்டிக்கொள்ளவும் கூடாது. ஒரே இழுப்பில் விரியவேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும், பிரசவ வருடம் தவிர, ஒவ்வொரு வருடமும் பூசைக்கு அரைமணி முன்பே போய்க் கட்டிவிடுவேன்.

முன்பெல்லாம் எங்கள் அபார்ட்மெண்டில் ஒன்பது மணிக்குக் கொடியேற்றுவார்கள். கோயிலை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடலாம். இந்த முறை சங்கத்துக்குப் புதுச் செயலாளர். வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர், எங்களுக்கு இரண்டு மாடி கீழே வீடு. கன்னடக்காரர். கோயம்புத்தூரில் சில வருடம் வேலை பார்த்திருந்ததால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். எல்லோரும் அவரை நல்ல மனிதர் என்பார்கள். தண்ணீர் லாரி வராத நாளில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரியை வரவழைத்த பிறகுதான் எழுந்திருப்பார். அவர் கொடியேற்றத்தை எட்டு மணிக்கு மாற்றினார்.

வாட்ஸப் குழுவில் நான் எழுதினேன். நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்து, ஐந்தாவது முறை அனுப்பினேன். எங்களுக்கு அன்று காலையில் பூசை உண்டு, வழக்கம்போல ஒன்பதுக்கே வைத்தால் நன்றாயிருக்கும், மற்றவர்களுக்குச் சிரமமென்றால் வேண்டாம். கடைசியில் இரண்டு கும்பிடு. பத்து நிமிடத்தில் அவர் பதில் வந்தது: தேசம் முதலில், மதம் பிறகு, வர முடியாதவர்களுக்குக் கட்டாயம் இல்லை. அதற்குக் கீழே பத்தொன்பது கட்டைவிரல்கள். யார் யாருடையவை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அதில் இரண்டு பேருக்கு நான் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் லிஃப்டில் அவரே பேச்செடுத்தார்.

"என்னம்மா, கோவமா? நான் ஜெனரலாத்தான் போட்டது. உங்க ஹெட் ஆபீஸ் ரோம்ல இருக்குது. அதுக்கு நாங்க ஏன் மாடோது, சொல்லுங்க?"

என்ன செய்வது என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார். லிஃப்டில் இருந்த இன்னொரு பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதையாவது ஒருநாள் மறந்துவிடுவேன். நான் சிரித்ததை மறக்கமாட்டேன். என் மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு ஆறு வயது. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அம்மா, ரோம் எங்கம்மா இருக்கு? நாம அங்க போயிடணுமா?"

"இல்லடா. நாம இந்த ஊரு."

"அப்ப தாத்தா ஏன் அப்படிச் சொன்னாரு?"

"சும்மா ஜோக்கு."

கொடியேற்றும்போது மைக்கின் முன்னால் நின்று தேசிய கீதத்தைத் தொடங்கிவைக்க நான்கு குழந்தைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர்களில் இவளும் ஒருத்தி. குளியலறைக் கண்ணாடி முன்னால் இரண்டு வாரமாகப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நாளில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த நான்கு பேரில் அவள் நிற்கவேண்டும். அத்தனை பேருக்கும் முன்னால் ஒருமுறை நின்று பாடிவிட்டால், ரோமைப் பற்றி அவள் மறுபடி கேட்கமாட்டாள் என்று நம்பினேன்.

கணவர் வழி சொன்னார். "ஏய், பதினாலாம் தேதி சாயங்காலம் இங்கிலீஷ் பூசை இருக்கல்ல? அதுக்குப் போயிட்டா கடன் முடிஞ்சுது. காலைல ஃப்ரீ."

"சட்டப்படி முடியுங்க. ஆனா மாதா திருநாள் அன்னிக்குக் கோயில் பக்கமே போகாம..."

"மாதா உன்னை மாதிரி இல்ல. அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க, விடு."

மறைக்கல்வி நடத்தும் சிஸ்டருக்குப் போன் செய்து, இந்த வருடம் கொடி கட்ட வரமுடியாது என்றேன்.

"அய்யய்யோ, உன்ன விட்டா யாரும்மா கட்டுறது? நீ பிரசவத்துக்குப் போயிருந்தப்ப பசங்க கட்டுனாங்க. ஃபாதர் கயித்தப் பிடிச்சுத் தொங்குனாரு, கொடி வரவே இல்ல."

"மன்னிச்சிருங்க சிஸ்டர். பாப்பா இங்க பாடுறா."

"சரி சரி. அதுவும் நாட்டுக்காகத்தானே."

பதினான்காம் தேதி மாலைப் பூசையில் என் உடம்பு மட்டும்தான் இருந்தது. மனம் முழுக்க மறுநாள் போடவேண்டிய வெள்ளை கவுனை இஸ்திரி போட்டாயிற்றா என்பதில் இருந்தது. அப்படிப் பார்த்தால் அந்தப் பூசை கணக்கில் சேருமா? அன்றிரவே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு எல்லாவற்றிலும் வரும்.

காலையில் தூறல் நின்றிருந்தது. மகளுக்கு வெள்ளை கவுன், தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய மூவண்ண வளையல்கள். அரைமணி முன்பே கீழே போய்விட நினைத்து ஏழு நாற்பதுக்குப் போனோம். கொடிக்கம்பத்தில் இடுப்பு உயரத்தில் கொடியை மடித்துக் கயிற்றில் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். யார் கட்டியிருந்தாலும் கம்பத்தடியில் போய் நின்றதும் என் கண் முடிச்சுக்குத்தான் போகும். பழக்கம். மேல்முடிச்சின் இடுக்கில் பச்சை விளிம்பு தெரிந்தது. கீழே தொங்கிய வாலில் காவி. கட்டியவர் துணியைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்.

செயலாளர் வெள்ளை ஜிப்பாவில் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். எப்படிச் சொன்னால் அவர் மனம் புண்படாது என்று வாக்கியத்தைத் தயார்செய்தேன். இதை நம்பவேண்டும். அவர் மனம் புண்படக்கூடாது என்றுதான் அந்த நிமிடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே எங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஓ, வந்துட்டீங்களா! இன்னிக்கு சர்ச் இல்லவா?"

"நேத்தே போயிட்டு வந்துட்டோம் அங்கிள்."

"நேத்தேவா! அதுல அட்வான்ஸ் புக்கிங் எல்லாம் இருக்குதா?" சிரித்து முடித்துவிட்டு மகளின் தலையைத் தடவினார். "நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சு பாப்பா இடத்தை பி பிளாக் பொண்ணுக்குக் கொடுத்துட்டோம்மா. பாவம், அது டிரெஸ் எல்லாம் வாங்கிடுச்சு. நெக்ஸ்ட் இயர் நோடோணா."

அடுத்த வருடம் பார்ப்போமாம்.

வருகிறோம் என்று அவர் மனைவியிடம் மாடிப்படியில் சொல்லியிருந்தேன். குழுவில் எழுதவில்லை. அந்தப் பத்தொன்பது கட்டைவிரல்களுக்குக் கீழே எழுதக் கூசியது. எழுதியிருக்கவேண்டுமோ? தவறு என்னுடையதுமோ? அதையும் யோசித்தேன். மகள் வளையல்களை முழங்கை வரை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள்.

அவர் மைக்குக்குத் திரும்பிப் போனார். நான் கொடி மூட்டையைப் பார்த்தேன். எனக்குக் கோபம் பழக்கமானது. கோபம் வந்தால் காது சுடும், குரல் நடுங்கும், கடைசியில் அழுகையில் முடியும். அன்று வந்தது அது இல்லை. உடம்பு முழுக்கக் குளிர்ந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஏற்று, என்று மனதுக்குள் சொன்னேன். உன் தேசத்தை உன் கையாலேயே ஏற்று. எல்லோரும் பார்க்கட்டும்.

எட்டு மணிக்கு அவர் கயிற்றை இழுத்தார். மூட்டை உச்சிக்குப் போய், ஒரு வெட்டில் விரிந்தது. மடிப்பு சுத்தமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். செவ்வந்தி இதழ்கள் கொட்டின. கைதட்டல் எழுந்தது. கொடி விரிந்ததும் தொடங்கிவிடவேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவைத்திருந்ததால், அந்த நால்வரும் உடனே பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாட ஆரம்பித்த பிறகு யாரும் அசையக்கூடாது. நூறு பேர் விறைப்பாக நிற்கிறோம். எல்லோர் கண்ணும் மேலே. பச்சை மேலே, காவி கீழே. ஒவ்வொருவர் முகத்திலும் அது தெரிந்துகொண்டே வந்தது. கடைசியாக அவர் நிமிர்ந்து பார்த்தார். சல்யூட் வைத்த கை நெற்றியிலேயே இருந்தது. இறக்க முடியாது. வாய் பாடுவது நின்றுவிட்டது.

மகள் என் சேலையை இழுத்தாள். "அம்மா, பச்சை மேல இருக்கு."

"ஷ்ஷ். அசையாதே."

நான் சத்தமாகப் பாடினேன். ஒரு சொல் விடாமல், சுருதி பிசகாமல். ஐம்பத்திரண்டு நொடி என்பார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆனந்தமாக நான் அதைப் பாடியதில்லை.

முடிந்த அடுத்த கணமே மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் கத்தினார். "ரீ, உல்டா! உல்டா ஆகிருக்கு!" அவசரமாக இறக்கினார்கள். அதற்குள் நாலைந்து போன்களில் படம் பிடித்தாகிவிட்டது. செயலாளரின் முகம் வெளுத்திருந்தது. "நான் சரியாத்தான் கட்டினேன்," என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, "யாரோ கை வச்சிருக்காங்க" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்தாரா என்று எனக்கு உறுதியில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள்.

நண்பகலுக்குள் குழுவில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எட்டு மணிக்கு முன்னால் கம்பத்தடியில் யாரோ வெகுநேரம் நின்றதாக ஒருவர். கொடியை அவமதிப்பது சட்டப்படி குற்றம் என்று இன்னொருவர். போலீசுக்குச் சொல்லவேண்டும் என்று மூன்றாமவர். பெயர் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.  பள்ளியில் மகளை என்ன கேட்பார்கள், கணவரின் அலுவலகத்துக்குச் செய்தி போகுமா, வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்வாரா என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தது.

"நீ தொட்டியா?" என்றார் கணவர்.

"இல்ல."

"சத்தியமா?"

"தொடவே இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு இப்படி நடுங்குற? சி.சி.டி.வி. இருக்குது. போட்டுப் பார்க்கச் சொல்லுவோம்."

அன்று மாலை கீழ்த்தளக் கூடத்தில் கூடினார்கள். சங்கத்தின் பொருளாளர் ஒரு பல் மருத்துவர், கறாரான அம்மா. அவர்தான் காட்சியை டி.வி.யில் ஓடவிட்டார். ஆறு ஐம்பதுக்குச் செயலாளர் வருகிறார். பெஞ்சில் துணியை விரிக்கிறார், இதழ்களைக் கொட்டுகிறார், மடிக்கிறார், நடுவில் போன் வருகிறது, பேசிக்கொண்டே கட்டுகிறார். வேறு யாரும் அருகில் வரவில்லை. ஏழு நாற்பதுக்கு நானும் மகளும் வருகிறோம். அவர் வந்து பேசிவிட்டுப் போகிறார். பிறகு நான் நிற்கிறேன். கை பின்னால் இருக்கிறது. தலை மட்டும் மேல்முடிச்சிலிருந்து கீழ்முடிச்சுக்கு இறங்கி, மறுபடி ஏறுகிறது. அதைப் பெரிய திரையில் பார்க்க, ஒரு கடிதத்தை இரண்டு தடவை படிப்பவள் போல இருந்தது. 

"இவங்க தொடவே இல்ல," என்றார் பொருளாளர். செயலாளர் பக்கம் திரும்பி, "சார், கட்டினது நீங்கதான்" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் திரும்பினார். "இவ்வளவு நேரம் பார்த்துட்டு நின்னீங்களே, உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்குக் கொடி பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாது மேடம்," என்றேன்.

என்.சி.சி.யில் நான் வாங்கிய 'சி' சர்டிஃபிகேட் மாடியில் பீரோவுக்குள் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாகக் கொடி கட்டியவள் நான். என் நாடு இது இல்லையென்று ஒருவர் சொன்னதற்காகத்தான் இத்தனையும். அந்த நாட்டின் கொடியையே எனக்குத் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் சொல்லி ஜெயித்தேன்.

அன்றே செயலாளர் குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். தவறு முழுக்கத் தன்னுடையது, வேறு யாரையும் சந்தேகப்பட்டது வெட்கக்கேடு, உடல்நலக் காரணத்தால் பொறுப்பிலிருந்து விலகுகிறார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதை நான்கு தடவை படித்தேன். நன்றாக இருந்தது. மறைக்கமாட்டேன், மிகவும் நன்றாக இருந்தது. இந்த முறை அதன் கீழே கட்டைவிரல்கள் இல்லை. அதையும் பார்த்தேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் என்றேன். அதனால் யாருக்காவது தீங்கு உண்டா என்று சாமியார் கேட்டார். இல்லை என்றேன். பரிகாரமாக ஐந்து முறை மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மௌனமாக நின்றதைச் சொல்லவில்லை. அதை எந்தக் கட்டளையின் கீழ் சொல்வதென்று தெரியவில்லை என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் வேறு. சொன்னால் அதற்காக வருந்தவேண்டும். நான் வருந்தவில்லை. மகள் கண்ணாடி முன்னால் பாடுவதை நிறுத்திவிட்டிருந்தாள். அது என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை வருந்தவும் மாட்டேன்.

மறுநாள் ஞாயிறு மாலை செயலாளரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் மைசூர்பாகு பெட்டி. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இளைத்திருந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"என் மேல கோவம் இருக்கும்மா. இருக்கணும். ரோம் அது இதுன்னு ஏதோ பேசிட்டேன். அதுக்கு மேல பழியும் போட்டுட்டேன். ஜனவரி இருபத்தாறுக்கு பாப்பாதான் முன்னால நிக்கணும். நான் கமிட்டில இல்ல, ஆனா சொல்லிட்டுத்தான் வர்றேன்."

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அது நேராக வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தது. பரவாயில்லை அங்கிள் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள். அவள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை.

"அம்மா, நீதான் கோயில்ல கொடி கட்டுவியே. அன்னிக்குத் தாத்தாகிட்ட ஏம்மா சொல்லல?"

கணவர் அவளை உள்ளே போகச் சொன்னார். அவள் நகரவில்லை. செயலாளர் என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சிருந்ததா?"

மூன்றாவது முறையும் பொய் சொல்லியிருக்கலாம். குழந்தை ஏதோ உளறுகிறது என்றால் போதும். ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிருந்தது அங்கிள். உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள அவ இடத்தை வேற யாருக்கோ கொடுத்துட்டேன்னு சொன்னீங்க. வாயை மூடிக்கிட்டேன். வேணும்னேதான் மூடிக்கிட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவேண்டும் என்று விரும்பினேன் என்பதே சரி. இதுதானா உங்கள் தேசபக்தி என்று கேட்பார், அதற்கு ஏழெட்டுப் பதில்கள் என்னிடம் தயாராக இருந்தன. இத்தனை நாளாகக் கூர்தீட்டி வைத்திருந்த பதில்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மகளிடம் குனிந்து, "ஜனவரிக்கு நல்லா ப்ராக்டீஸ் பண்ணு, ஆய்தா?" என்றார். அவள் சரியென்று தலையாட்டினாள். இருவரும் எழுந்து போனார்கள்.

குழுவில் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. தெரிந்தே விட்டாள் என்று ஒரு வரி எழுதினால் போதும், பழி இறங்கிவிடும், பதவிகூடத் திரும்ப வரும். அன்றைக்குப் போன் மணி அடித்தபோதெல்லாம் ஓடினேன். மறுநாளும் ஓடினேன். ஒன்றும் வரவில்லை. அவர் மனைவியும் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் பார்க்கும்போது அவர் வணக்கம் சொல்கிறார், நானும் சொல்கிறேன். மகள் மறுபடி கண்ணாடி முன்னால் பாடுகிறாள்.

ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்கிறேன். எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல என்ற வரி வரும்போது அவர் சோபா நுனியில் கண்ணாடி துடைத்தது கண்முன் வருகிறது. அவர் கோயிலுக்குப் போகிறவர் இல்லை, எங்கள் செபம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த வரியை எனக்கு முன்னால் அவர் செய்துமுடித்துவிட்டாரோ என்று ஒரு சந்தேகம். செய்திருந்தால், அதற்காக மட்டும் என்னால் இன்னும் அவரை மன்னிக்க முடியவில்லை.